குனிந்து பிடிக்காத பந்து

ஆல்ஃபி ராஸ்ட்ரிக்குக்கு இருபத்திரண்டு வயது. இங்கிலாந்தில் ஒரு கவுண்டி கிரிக்கெட் அணியில் அவன் ஆல்ரவுண்டர். அதாவது பந்தும் வீச வேண்டும், மட்டையும் பிடிக்க வேண்டும், சொதப்பினால் இரண்டுக்கும் சேர்த்துத் திட்டு வாங்க வேண்டும். பால் டேங்கர் ஓட்டும் அவன் அப்பாவுக்கோ பெருமையில் தலைகால் புரியவில்லை. வண்டி நிற்கிற பண்ணையிலெல்லாம் மகன் புராணம்தான்.

முதல் இரண்டு கோடைகள் ஜோராகப் போயின. மூன்றாவது கோடையில், ஆகஸ்ட் கடைசியில், இடுப்புக்கு மேலே இடது பக்கம் சுருக்கென்று ஒரு வலி பிடித்தது. இளம் வேகப்பந்து வீச்சாளர்களுக்கு முதுகெலும்பில் விரிசல் விடுவது புதிதல்ல. பிசியோ ஹிலரியிடம் சொன்னால் ஸ்கேன் எடுப்பாள். எடுத்தால் மாதக்கணக்கில் ஓய்வு. செப்டம்பரோடு அவன் ஒப்பந்தம் முடிகிறது, புதிது தருவார்களா என்று யாரும் வாய் திறக்கவில்லை. முதுகு போனவனை எவன் வைத்துக்கொள்வான்? "செப்டம்பர்ல எந்த பௌலருக்கும் உடம்பு வலிக்காது" என்று உடை மாற்றும் அறையில் கிண்டலடிப்பார்கள். மாத்திரையை விழுங்கிவிட்டு ஆல்ஃபியும் சேர்ந்து சிரித்தான்.

குனிவதுதான் முடியவில்லை. பூட்ஸ் கயிற்றை அவிழ்க்காமலே காலை நுழைத்துக்கொண்டான். தரையில் கிடக்கும் பந்தைப் பூட்ஸ் முனையால் தட்டி எழுப்பிக் கையில் பிடித்தான். பையனுக்குக் கொழுப்பு என்றுதான் பார்த்தவர்கள் நினைத்தார்கள். ஹிலரி மட்டும் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசி ஆட்டம் வந்தது. ஜெயித்தால் முதல் பிரிவில் நிலைக்கலாம், இல்லையென்றால் இரண்டாம் பிரிவுக்கு இறங்க வேண்டியதுதான். கேப்டன் ஹார்க்னஸுக்கு அதற்கப்புறம் ஆட்டமே கிடையாது. இரண்டு முழங்காலும் தேய்ந்துபோய், இந்த ஒன்றை ஜெயித்துவிட்டு வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான்காம் நாள் தேநீருக்குப் பிறகு எதிரணிக்கு மிச்சம் ஒரே விக்கெட், வேண்டியது எட்டு ரன்.

ஹார்க்னஸ் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். "உடம்பு எப்படிடா இருக்கு? போடுவியா, இல்ல டாட்ஸைக் கூப்பிடட்டுமா?"

இன்னொரு பௌலரான டாட்ஸ் தூரத்தில் தோளைச் சுழற்றிக்கொண்டிருந்தான். சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் ஆல்ஃபிக்குத் தோன்றியது. "நானே போடுறேன், கேப்டன்."

முதல் பந்தைத் தடுத்தான் எதிரணிக்காரன். உருண்டு வந்த பந்தை ஆல்ஃபி பூட்ஸால் தட்டி எழுப்பினான்.

"ஏம்ப்பா, குனிஞ்சா கிரீடம் விழுந்துடுமா?" என்றான் மட்டை பிடித்தவன்.

ஆல்ஃபி அடுத்த பந்துக்குத் திரும்பி நடந்தான். ஒவ்வொரு முறை கால் ஊன்றும்போதும் இடுப்பில் கத்தி இறங்கியது.

இரண்டாவது பந்து மட்டையில் சரியாகப் படாமல் நேரே அவனிடமே வந்தது. வேகமே இல்லை. முழங்காலுக்குக் கீழே, பூப்போல வந்தது. கொஞ்சம் குனிந்து கேட்ச் பிடித்தால் போதும், ஜெயித்தாயிற்று. கை பாதி தூரம் இறங்கி நின்றுவிட்டது. மூன்று வாரப் பழக்கம், பூட்ஸ்தான் முன்னால் போனது. பந்து அதில் பட்டுத் திசைமாறி, கொஞ்சம் தள்ளி மிட்-ஆனில் நின்ற ஹார்க்னஸைத் தாண்டி ஓடியது. அவர் திரும்பினார், முழங்கால்கள் திரும்பவில்லை. நான்கு ரன்.

அடுத்த பந்து மட்டை விளிம்பில் பட்டு இன்னொரு நான்கு. ஆட்டம் முடிந்தது.

"கண்ணுல வெயில் அடிச்சிருச்சு" என்றான் ஆல்ஃபி. மற்றவர்கள் உடை மாற்றும் அறையைப் பார்த்து நடந்தார்கள்.

அங்கே அவன் பூட்ஸைக் காலாலேயே உதறிவிட்டு நின்றபோது, ஹிலரி கோச் டென்ஹமைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தாள். ஒரு பந்தை அவன் காலடியில் போட்டாள்.

"அதை எடுத்துக் குடு, ஆல்ஃபி."

அவன் பந்தைப் பார்த்தான். காலில் வெறும் காலுறைதான். அவளைப் பார்த்தான், கோச்சைப் பார்த்தான்.

"முடியல" என்றான். அழுகை வந்துவிட்டது.

டென்ஹம் தானே குனிந்து பந்தை எடுத்தார். "போன மாசமே சொல்லியிருந்தா, சரியாகுற வரைக்கும் வெச்சுக் காப்பாத்தியிருப்போமேடா. இப்பவும் ஒரு வருஷத்துக்கு ஒப்பந்தம் தர்றேன். முதுகைச் சரி பண்ணிட்டு வா." கதவருகில் போய் நின்றார். "ஆனா இன்னைக்கு அந்தப் பந்தை டாட்ஸ் போட்டிருக்கணும்."

எதற்காக இத்தனை நாள் பல்லைக் கடித்தானோ அது கிடைத்துவிட்டது. துளி சந்தோஷம் இல்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனான். இரண்டு முழங்காலிலும் ஐஸ் பையை வைத்தபடி ஹார்க்னஸ் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"கண்ணுல வெயில் எதுவும் அடிக்கல, கேப்டன்."

அவர் நிமிரவில்லை. "தெரியும்டா. காலையிலேருந்து வானம் மூடித்தானே கெடந்துச்சு."