கழற்றித் துவைக்கும் கூரை

டொறீன் போட்ட கூரைத்துணி எதுவும் அதுவரை கழன்று விழுந்ததில்லை. மாத்தளையில் வேனுக்கும் பஸ்ஸுக்கும் குஷன் வேலை செய்யத் தொடங்கிய நாளிலிருந்து அவளுக்கு இருந்த ஒரே வீறாப்பு அதுதான். முதன்முதலாக விழுந்தது கலேவெல வெங்காய வியாபாரி மஹ்ரூபின் பாய்மரப் படகில்.

திருகோணமலையில் வாங்கிய அந்தப் பழைய படகை அவர் லொறியில் கொண்டுவந்து வீட்டு முற்றத்தில் மரக்குற்றிகளின் மேல் நிறுத்தியிருந்தார். உள்ளே இரண்டு பேர் படுக்கும் சின்ன அறை. அதன் உட்கூரைத் துணி பூஞ்சணம் பிடித்துத் தொங்கியது.

"வேன் கூரை மாதிரித்தான் அக்கா," என்றார் மஹ்ரூப். "தண்ணீல போற வேன்."

அவர் மனைவி ஸரீனா ஏணியடியிலேயே நின்றாள். "லொறிய ஒழுங்கா நிப்பாட்டத் தெரியாத மனிசன் கப்பல் வாங்கி ஈக்கிறாரு. அந்தப் பூஞ்சண மணம் போற வரைக்கும் நான் ஏற மாட்டேன்."

டொறீன் பழையதைக் கிழித்து, சுரண்டி, பசை பூசி, புதுத்துணியைச் சுருக்கமில்லாமல் ஒட்டிவிட்டுப் போனாள். அடுத்த மழையில் மஹ்ரூபிடமிருந்து போன் வந்தது. போய்ப் பார்த்தால், துணி படுக்கையின் மேல் ஈரமாகக் கிடந்தது.

"கொழும்புல படகு வேலைக்கு ஆள் ஈக்காம் அக்கா. கூப்பிடட்டா?" மஹ்ரூப் தயங்கித்தான் கேட்டார்.

டொறீன் மேலே கைவைத்துப் பார்த்தாள். "ஒழுகல முதலாளி. வேர்த்திருக்கு."

உள்ளங்கையில் பட்ட அந்தக் குளிர் அவளுக்குத் தெரிந்ததுதான். எல்கடுவத் தேயிலைத் தோட்டத்தில் அவள் பிறந்த லயத்து வீட்டின் கூரைத் தகரமும் விடிகாலையில் இப்படித்தான் வேர்க்கும். அப்பா செபஸ்தியன் மாச்சாக்குகளைப் பிரித்துத் தைத்து, விளிம்பு மடிப்புகளில் மெல்லிய மூங்கில் சிலாம்பு நுழைத்து, தகரத்தில் படாமல் கட்டியிருந்தார். வேர்வை தகரத்தோடேயே வழிந்து சுவரோரம் போய்விடும். ஒவ்வொரு வருடமும் நத்தார் பண்டிகைக்கு முன் அந்தச் சாக்குக் கூரை இறங்கும். அம்மா அதை ஆற்றில் அடித்துத் துவைத்து, தேயிலைச் செடிகளின் மேல் விரிப்பாள். அது காயும்வரை பிள்ளைகள் வெறுந்தரையில் மல்லாந்து கிடந்து, தகரத்து ஆணி ஓட்டைகளில் பூக்கும் வெளிச்சத்தைப் பார்ப்பார்கள். மறுபடி கட்டிய இரவு, வீடு முழுக்க வெயில் மணக்கும்.

"ஒட்டுனது என் பிழை," என்றாள் டொறீன். "இன்னும் ஒருக்கா பாக்குறேன். இதுவும் விழுந்தா கொழும்பு ஆளையே கூப்பிடுங்க."

துணியின் முதுகில் குறுக்கே மடிப்புகள் தைத்தாள். கமுகஞ் சிலாம்புகளை இழைத்து, அறையின் அகலத்தைவிடக் கொஞ்சம் நீளமாக வெட்டி, மடிப்புகளில் நுழைத்தாள். இரு நுனிகளையும் ஓரச் சட்டங்களில் செருகியதும் அவை வில்லாக வளைந்து துணியைத் தூக்கின. மேலே ஒரு விரல் இடைவெளி.

"வருசத்துக்கு ஒருக்கா கழட்டித் துவைங்க தங்கச்சி," என்று ஸரீனாவிடம் சொன்னாள். "நாங்க நத்தாருக்கு முந்தி செய்வோம்."

"முதல்ல அது மேல நிக்கட்டும்," என்றாள் ஸரீனா.

மழை இறங்கியது. போன் வரவில்லை. அந்த அமைதிதான் டொறீனை அரித்தது. கடைசியில் அழைக்காமலே பஸ் ஏறினாள். முற்றத்தில் யாருமில்லை. நனைந்த ஏணியில் ஏறி, குனிந்து, துணிக்கு மேலே விரலை நுழைத்தாள். படகின் கூரை வேர்த்திருந்தது. துணி காய்ந்து, வில்லாகவே நின்றது.

கீழே, படுக்கையில் மல்லாந்திருந்த ஸரீனா கண்ணைத் திறந்தாள்.

"செருப்பக் கழட்டிட்டு வாங்க அக்கா," என்றாள். "இப்பதான் கூட்டின நான்."