உதை விழாத சக்கரம்

வேன் ஓட்டும் அவரை ஊரே ‘உதைகாரர்’ என்றுதான் கூப்பிடும். மனுசரை உதைத்ததில்லை, டயரைத்தான். காலையில் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து நாலு டயருக்கும் ஆளுக்கொரு உதை விடுவார். சத்தத்தை வைத்தே காற்று எவ்வளவு என்று சொல்லிவிடுவாராம். ஒருமுறை, முந்தின நாள் வண்டியேறிய குண்டு மாப்பிள்ளையின் எடையையே டயரை உதைத்துச் சொன்னார் என்றும், மாப்பிள்ளை அன்று பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார் என்றும் பேச்சு. நம்பாதவர்கள் அந்த மாப்பிள்ளையையே கேட்டுக்கொள்ளலாம்.

பஞ்சர் கடைக்காரர் மட்டும் நம்பவில்லை. உதையில் ஒன்றும் தெரியாது, வண்டி ஓடிச் சூடேறுமுன் மீட்டர் வைத்துப் பாருங்கள், காற்றுக் குறைந்தால் டயர் ஓரம் தேய்ந்து ஒருநாள் நடுவழியில் காலை வாரிவிடும் என்று படித்துப் படித்துச் சொன்னார். உதைகாரர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவருக்கு ஒரே அக்கா. இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டதால், ஒருநாள் விட்டு ஒருநாள் ஆஸ்பத்திரி இயந்திரம்தான் அவள் ரத்தத்தைச் சுத்தம் செய்யும். நேரம் தவறினால் இயந்திரம் அடுத்தவருக்குப் போய்விடும்; அவளுக்கு மூச்சு முட்டும். கூட்டிப்போவது தம்பி பொறுப்பு.

அன்று பாதி வழியில் வண்டி ஒருபக்கம் இழுத்தது. பின் சக்கரம் தரையோடு தரை. அக்காவை இறக்கி மர நிழலில் உட்கார வைத்தார். முன் சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்து, நட்டுகளைத் தளர்த்தி, ஜாக்கியில் வண்டியைத் தூக்கினார். அக்காவுக்குச் சிரிப்பு.

“உன் உதை தாங்காமத்தான்டா அது உயிர விட்டுடுச்சு.”

வண்டிக்கு அடியில் தொங்கிய ஸ்டெப்னியை இறக்கினார். தொப்பென்று விழுந்தது, அப்படியே படுத்துக்கொண்டது. அழுத்திப் பார்த்தார், கட்டைவிரல் உள்ளே போனது. வண்டி வாங்கியதிலிருந்து அதற்கு யாரும் காற்றடிக்கவில்லை. கால் எட்டாத இடத்தில் இருந்ததால் உதையும் விழவில்லை.

“என்னடா?”

“ஒண்ணுமில்லக்கா.”

“அது டயரப் பாத்தாலே தெரியுது.”

கையை நீட்டி நீட்டி ஓய்ந்த பிறகு, மெத்தை ஏற்றிவந்த ஒரு சின்ன லாரி நின்றது. வேனை அங்கேயே போட்டுவிட்டு இருவரும் ஏறினார்கள். வழி முழுக்க அக்கா மெத்தையில் சாய்ந்தே வந்தாள்.

இயந்திரத்தில் வேறொரு அம்மாள் படுத்திருந்தார். அடுத்து எப்போது காலியாகும் என்று நர்ஸுக்கே தெரியவில்லை. பெஞ்சில் அக்கா வாயைத் திறந்து மூச்சு வாங்கினாள். உதடு கறுத்துக்கொண்டு வந்தது. உதைகாரர் நர்ஸிடம் கெஞ்சினார், அப்புறம் குரலை உயர்த்தினார். அக்கா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“அந்தம்மாவ எழுப்பச் சொல்லாதடா. அவங்களுக்கும் வெளிய ஒரு தம்பி நிப்பான்.”

சாயங்காலம்தான் இடம் கிடைத்தது. இயந்திரம் ஓடத் தொடங்கியும் அவருக்கு உட்காரத் தோன்றவில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்று அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊர் இன்னும் அவரை உதைகாரர் என்றுதான் கூப்பிடுகிறது. ஆனால் அவர் இப்போது உதைப்பதில்லை. காலையில் மீட்டரோடு சக்கரம் சக்கரமாகக் குந்தி, கடைசியில் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் நுழைகிறார். அக்கா கதவருகே நிற்பாள்.

“கீழ இருக்கிறவன் எப்படி இருக்கான்?”

அவர் அடியிலிருந்து அளவைச் சொல்வார். அதைக் கேட்டபிறகுதான் அவள் காலெடுத்து உள்ளே வைப்பாள்.