ஆறிப்போன ரோல்ஸ்

இன்று திருகோணமலை பஸ் நிலையத் தேத்தண்ணிக் கடையில் அக்கா தானாகவே மரக்கறி ரோல்ஸ் கேட்டாள். எனக்கு நம்ப முடியவில்லை.

படகுப் போட்டிகளில் குறைந்த எடைப் பிரிவில் வலித்த காலத்தில், என் கல்யாண வீட்டிலேயே வெள்ளரிக்காய் மட்டும் சாப்பிட்டுவிட்டுப் போனவள். இப்போது தேசியப் பயிற்றுநர். அப்பாவின் திவசத்துக்காக லீவில் வந்திருக்கிறாள்.

ரோல்ஸை வாயருகே கொண்டுபோகும்போது போன் அடித்தது. அவளிடம் பயிலும் பெண் ஒருத்தி கொழும்பிலிருந்து அழுதாள். போட்டிக்கு முன் நிறுத்துப் பார்த்ததில் நிறை கொஞ்சம் கூடிவிட்டதாம். குறையாவிட்டால் படகில் ஏறவே ஏலாது.

“அழாத பிள்ளை. கொஞ்சம் ஓடிப்போட்டுத் திரும்ப ஏறி நில். நான் லைன்லதான் நிக்கிறன்.”

ரோல்ஸைத் தட்டில் வைத்துவிட்டாள். எங்கள் ஊரான சல்லிக்குப் போகும் பஸ் வந்தது, போனது.

“அக்கா, ஆறப்போகுது.”

“அவள் பட்டினியோட ஓடிக்கொண்டிருக்கிறாள். எனக்கு எப்பிடியடா இறங்கும்?”

நானும் என்னுடையதைத் தொடவில்லை.

கடைசியில் போனுக்குள் பெரிய சந்தோஷக் கூச்சல் கேட்டது. நிறை சரியாகிவிட்டதாம். “சரி சரி, முதல்ல போய்ச் சாப்பிடு,” என்றவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு தன் ரோல்ஸைச் சாப்பிட்டாள். என்னுடையதையும்.

இதை வாசிக்கும் சல்லிக்காரர் யாராவது எங்கள் அம்மாவிடம் ஓடிப்போய், இன்னும் ஒரு சுண்டு அரிசி போடச் சொல்லுங்கள். அக்கா வருகிறாள்.