பத்து மார்க்கும் ஐந்து மார்க்கும்

இராஜபாளையத்து நூற்பாலை ஒன்றில் என்ஜினீயராக இருந்தபோது நான் செய்து ஓடவிட்ட தானியங்கி வண்டியின் நெற்றியில் ஒரு சிவப்பு விளக்கு இருந்தது. எதிரே ஆளைக் கண்டால் எரியும். தொண்ணூறுகளின் நடுவில், எரிகிறதா எரிகிறதா என்று அதையே பார்த்துக்கொண்டு நிற்காத நாள் எனக்குக் கிடையாது. ஸ்ரீவில்லிபுத்தூரில் காலை பஸ் ஏறும்போதே அதே நினைப்புத்தான்.

நூல் சுற்றும் பாபின் கட்டைகள் நிறைந்த தொட்டியை எந்திர வரிசைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது வண்டியின் வேலை. எப்படிப் போவதென்று நான் சொல்லித் தரவில்லை, மார்க்குதான் போட்டேன். சேர்த்தால் ஏறும், ஆளை இடித்தால் குறையும். எது லாபமென்று ஓடி ஓடி அதுவே கற்றுக்கொள்ள வேண்டும். முதலில் சேர்த்தால் பத்து, இடித்தால் ஐம்பது குறைவு என்று வைத்தேன். நகர்ந்தால் நஷ்டமென்று கண்டுகொண்டு வண்டி மூலையை விட்டு நகரவே இல்லை. ஆட்களுக்குக் கொண்டாட்டம். "ஏலே, வண்டி லீவு சொல்லிருச்சு!" வெள்ளிக்கிழமை முதலாளி பார்க்க வருகிறார், நின்ற வண்டியைக் காட்டினால் என் வேலை அவ்வளவுதான். அந்தப் பயத்தில் ஐம்பதை ஐந்தாக்கினேன்.

வண்டி பறந்தது. ஒருவரையும் இடிக்கவில்லை. என்ன புத்தி பார் என்று பூரித்துப் போனேன், மடையன்! "வண்டியில ஒரு கீறல் விழுந்தாலும் நீங்கதான் பொறுப்பு, பாத்துக்கோங்க" என்று மேஸ்திரி எல்லோரையும் மிரட்டி வைத்திருந்தது எனக்குத் தெரியாது. விளக்கு எரிந்ததும் அத்தனை பேரும் துள்ளி விலகினார்கள். நிற்க வேண்டியதில்லை, ஆட்களே விலகிவிடுவார்கள் என்பதைத்தான் வண்டி கற்றிருந்தது.

விலகாதவர் ஒருவர்தான், கடைசி வரிசையில் நூல் பார்த்த அக்கா. இழை அறுந்தால் ஒட்டி முடிக்காமல் நகர மாட்டார். வியாழக்கிழமை மதியம் குனிந்து ஒட்டிக்கொண்டிருந்தவரின் கணுக்காலில் வண்டி முழுப் பாரத்தோடு மோதியது. அவர் சரிந்ததும் சற்று ஒதுங்கி, பாபினைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு நின்றது.

ஓடிப்போய்த் தூக்கினேன். கால் வீங்கிக்கொண்டே வந்தது. "ஏங்க்கா நகரல?" என்று கத்தினேன். பயத்தில் வந்த கத்தல்.

"அறுந்த நூல விட்டுட்டு எங்க சார் போறது? அது நிக்கும்னு நெனச்சேன்."

வெள்ளிக்கிழமை காட்டுவதற்கு வண்டி இல்லையென்று நானே முதலாளியிடம் சொல்லிவிட்டேன். அக்கா அந்தக் காலைக் கடைசிவரை இழுத்தேதான் நடந்தார். இப்போதும் இளைய என்ஜினீயர்கள் தங்கள் எந்திரத்துக்குப் போட்ட மார்க்குப் பட்டியலைக் கொண்டுவந்து நீட்டினால், இடித்தால் எவ்வளவு என்ற வரியைத்தான் முதலில் தேடுகிறேன். காரணம், அந்த வியாழக்கிழமை வீங்கிய காலைத் தொட்டிமேல் நீட்டி உட்கார்ந்தபடி அக்கா கேட்டது. மார்க்கு சமாச்சாரம் மில்லுக்கே தெரியும்.

"பாபினச் சேத்தா எம்புட்டு சார்?"

"பத்து."

"எங்கால இடிச்சதுக்கு?"

"அஞ்சு கொறையும்க்கா."

விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். முகத்தில் கோபமே இல்லை.

"அப்பயும் அஞ்சு மிச்சந்தான? அது சரியாத்தான் செஞ்சிருக்கு. அத ஒண்ணும் சொல்லாதிய சார்."