அசுசேனா வீட்டு மீன்தொட்டி

எங்கள் அண்ணன் வெலிங்டனுக்கு குவாயாகில் நகரத்து வீடுகளில் மீன்தொட்டி சுத்தம் செய்கிற வேலை. சனிக்கிழமை ஆனால் மட்டும் சட்டைக்கு இஸ்திரி போடுவார். அன்றைக்கு அசுசேனா வீட்டு முறை.

"மீனுக்குக் காட்டவா இந்த மினுக்கு?" என்பேன்.

"உன் வேலையைப் பாருடி" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அசுசேனாவின் புருஷன் ரமீரோ ஸ்பெயினுக்கு வேலைக்குப் போய் வருஷக்கணக்காகிவிட்டது. தொட்டி அவருடையது. "நான் வர்றவரைக்கும் மீனைப் பத்திரமா பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாராம். பளிச்சென்று இருக்கட்டுமே என்று அவள் ஃபில்டர் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் அழுத்தித் தேய்த்துக் கழுவினாள். சில நாளில் தண்ணீர் கலங்கி, பாதி மீன் மிதந்தது. அழுதுகொண்டு மீன்கடைக்குப் போனவளுக்கு அவர்கள்தான் அண்ணனைக் காட்டிவிட்டார்கள்.

"பஞ்சுல ஒட்டியிருக்கிற அழுக்குதான் தண்ணியைக் காப்பாத்துது, சென்யோரா. தொட்டித் தண்ணியிலேயே லேசா பிழிஞ்சு விட்டா போதும்" என்றாராம் அண்ணன்.

அதற்கப்புறம் வாராவாரம் போனார். கொஞ்சம் தண்ணீரை இறைத்துவிட்டு, முதல் நாளே அவள் வாளியில் பிடித்து வைத்ததை ஊற்றுவார். முடிந்ததும் காப்பி தருவாள். அதற்காகவே மற்ற வீடுகளில் எதுவும் குடிக்க மாட்டார்.

"சொல்லித்தான் தொலையேன்" என்றேன் ஒருநாள்.

"புருஷனுக்காகக் காத்திருக்கிறவகிட்ட என்னத்தச் சொல்றது?"

மின்வெட்டு நாட்களில் ஒரு மத்தியானம் அவள் போன் செய்தாள். ஃபில்டர் நின்று, மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றனவாம். அண்ணன் தட்டில் சோறு இருக்க எழுந்து ஓடினார். இரண்டு பேரும் மாறி மாறிச் செம்பால் தண்ணீரை மொண்டு, காற்று கலக்க உயரத்திலிருந்து ஊற்றினார்கள். அவள் நனைந்து சிரித்துக்கொண்டிருந்தபோது ரமீரோ வீடியோவில் கூப்பிட்டார்.

"தண்ணி கண்ணாடியாட்டம் இருக்கே! யாரு பாத்துக்கறா?"

"ஒரு ஆள் வர்றாரு."

அண்ணன் நிறுத்தாமல் ஊற்றிக்கொண்டே இருந்தார்.

"ஆளுதானே நான்? தப்பா ஒண்ணும் சொல்லலையே" என்றார் வீட்டுக்கு வந்து, ஆறிப்போன சோற்றைப் பிசைந்தபடி.

மழை தொடங்கிய பிறகு ஒரு சனிக்கிழமை, அவள் காப்பி போட அடுப்பங்கரைப் பக்கமே போகவில்லை.

"அவருக்கு அங்க பிள்ளை பொறந்திருக்காம், வெலிங்டன். தொட்டியை வித்துடச் சொல்லிட்டாரு. என்ன செய்யட்டும்?"

அண்ணனுக்குச் சந்தோஷம் வரவில்லையாம். பேசும்போதே அவள் கண் போனுக்குப் போய்ப் போய் வந்ததாம்.

"மீனுக்கெல்லாம் வயசாயிடுச்சு, சென்யோரா. இடம் மாத்தினா தாங்காது" என்றார். அது பொய். போன மாசம்தான் அவரே அந்தத் தொட்டியில் குஞ்சு மீன் வாங்கி விட்டிருந்தார்.

அவள் தொட்டியில் ஓடிய குஞ்சு மீன்களைப் பார்த்தாள். அவர் வாசல்படி இறங்கும்போது முதுகுக்குப் பின்னாலிருந்து சொன்னாள்:

"அப்ப இருக்கட்டும். நீங்களும் வந்துட்டு இருங்க."

"அதைச் சொல்லும்போது அவ முகம் எப்படி இருந்துச்சு?" என்று துருவித் துருவிக் கேட்டேன்.

"தெரியலடி" என்றார் அண்ணன். "நான் திரும்பிப் பாக்காம வந்துட்டேன்."