டீச்சர் போடாத கையெழுத்து

தலைமை ஆசிரியரே, நீங்கள் பொய் சொன்னீர்கள். போன மாதம் சங்கரன்கோவிலில் பழைய மாணவர்களைக் கூட்டிவைத்து, என் ஒன்பதாம் வகுப்பு டீச்சர் பிள்ளைகளை அடக்கத் தெரியாமல் தானாகவே வேலையை விட்டுப் போனதாகச் சொன்னீர்கள்.

அடங்காத பிள்ளை நான்தான். பத்தாம் வகுப்பில் நான் தோற்றால் பள்ளியின் நூறு சதவீதத் தேர்ச்சி போய்விடும் என்று, அதற்கு முன்பே டி.சி. கொடுத்து அனுப்பப் பார்த்தீர்கள். நான் டீச்சரை அடித்ததாக நீங்களே எழுதிவைத்து, அவரைக் கூப்பிட்டுக் கையெழுத்துப் போடச் சொன்னீர்கள். உங்கள் அறை வாசலில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

“இவன் என்னை அடிக்கலையே சார். என் வண்டி டயரைக் குத்துனான். அதை எழுதுங்க, இப்பவே போடுதேன்” என்றார் டீச்சர்.

வெளியே வந்து என்னை முறைத்தார். “என்னலே பாக்க? பஞ்சர் கடை வரைக்கும் வண்டியத் தள்ளு.”

தள்ளினேன். அந்தக் கோடை விடுமுறையோடு அவரை நிறுத்திவிட்டீர்கள். டி.சி. வாங்காமல் உங்கள் பள்ளியிலேயே நான் பத்தாம் வகுப்பில் தேறினேன்.

இப்போது விசைத்தறி ஓட்டுகிறேன். சேலையில் பழுது வந்தால், பிடிக்காத ஆளின் தலையில் பழியைப் போட்டுவிட்டு என்னைச் சாட்சி சொல்லச் சொல்கிறார்கள் முதலாளிகள். எனக்கு வாய் வருவதில்லை. இரண்டு இடத்தில் வேலை போயிற்று. வீட்டில் தினமும் சண்டை. டீச்சர் மேல்கூடச் சில நேரம் கோபம் வருகிறது. ஆனாலும் பொய் சொல்ல முடியவில்லை.

அவரை ஏன் நிறுத்தினீர்கள்? பள்ளியின் அடுத்த ஆண்டுவிழாவில், பெற்றோர் எல்லாரும் கேட்க, எழுந்து நின்று சொல்லுங்கள்.