மூன்றாம் பக்கத்துத் தாக்கோல்

எல்லைப் போராட்டம் சூடு பிடித்திருந்த சமயம் அது. பனச்சமூடு சந்திப்பிலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் ஊர். திருவனந்தபுரத்தில் பி.ஏ. பரீட்சை எழுதிவிட்டுத் தகரப் பெட்டியோடு வந்து இறங்கியிருந்தேன். கையில் வேலை இல்லை. வாய்க்கு மட்டும் ஓய்வே இல்லை. நெய்யாற்றின்கரைத் தாலுகாவில் தமிழ் பேசும் எங்கள் ஊர்களும் தாய்த் தமிழகத்தோடு சேர்ந்தாக வேண்டும் என்று காலையில் ஒரு கூட்டம், மாலையில் ஒரு ஊர்வலம். நோட்டீஸ் எழுத வேண்டுமா, நான். கோஷம் போட வேண்டுமா, முன்வரிசையில் நான். வீட்டிலும் சும்மா இருக்கவில்லை. எங்கள் பேச்சில் மலையாளம் தாராளமாகக் கலந்திருக்கும். யார் வாயைத் திறந்தாலும் திருத்துவேன். 'பறஞ்சேன்' என்றால் 'சொன்னேன்' என்று சொல்லுங்கள் என்பேன்.

என்னிடம் அதிகம் திருத்தம் வாங்கியவர் அத்தான், என் அக்காவின் கணவர். பக்கத்து வீட்டில்தான் குடியிருந்தார்கள். பனச்சமூடு சந்திப்பில் டாக்சி ஓட்டினார். சொந்த வண்டி, கறுப்பு நிறம். எஸ்டேட் துரை ஒருவரிடமிருந்து கைமாறி வந்தது. பின் இருக்கையின் ஓரம் கிழிந்து பஞ்சு வெளியே வந்திருந்ததை அக்கா பச்சை நூலால் தைத்திருந்தாள். கறுப்பு நூல் தீர்ந்துபோனதால் பச்சை. "வண்டிக்கு ஆபரேசன் நடந்திருக்கு, பைய இருங்க" என்று ஏறுகிறவர்களிடமெல்லாம் அத்தான் சொல்லுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு பூவாருக்குப் போனார். நெய்யாறு கடலில் சேருகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், கெட்டியான மணலில் வண்டியை நிறுத்தி, என்னை ஸ்டீயரிங்குக்கு முன்னால் உட்கார வைத்தார்.

"பதறாத மக்கா. வண்டியும் மனுசனப் போலயாக்கும். பைய விட்டா பைய போவும்."

பத்துப் பன்னிரண்டு கெஜம் ஓட்டியிருப்பேன். குலுங்கி நின்றுவிட்டது. அக்கா பின்னால் இருந்து கை தட்டினாள். பெட்ரோல் வாசனையும் உப்புக் காற்றும் கலந்த அந்தக் காலைதான் இப்போதும் எனக்கு அடிக்கடி வேண்டியிருக்கிறது.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். அந்த வண்டிக்கு அத்தான் புதிதாக இன்சூரன்ஸ் எடுத்தார். ஏஜெண்ட் நெய்யாற்றின்கரையிலிருந்து வந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். போகிற போக்கில் சாவியைப் பற்றி ஏதோ சொல்லியிருக்கிறார். அத்தானுக்கு அது பிடிபடவில்லை. சில நாள் கழித்துத் தபாலில் பாலிசி வந்தது. நான்கு பக்கம், முழுக்க ஆங்கிலம். இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஆங்கிலம் படித்தவன் நான் ஒருவன்தான். அன்று மாலை பெருங்கடவிளையில் கூட்டம். செருப்பை மாட்டிக்கொண்டு நின்றபடியே முதல் பக்கத்தை மட்டும் படித்தேன். தீ, விபத்து, திருட்டு எல்லாம் கொட்டை எழுத்தில் இருந்தன.

"திருட்டுப் போனாலும் முழுசாக் கிடைக்கும் அத்தான். கவலைப்படாதீங்க."

"நில்லுலே. வண்டிக்க தாக்கோலப் பத்தி இதுல வல்லதும் எழுதியிருக்கா?"

எங்கள் பக்கத்தில் சாவியைத் தாக்கோல் என்போம். மலையாளத்திலும் அதுதான் சொல். எனக்குச் சுருக்கென்றது.

"தாக்கோல் இல்ல அத்தான், சாவி! எத்தனை தடவை சொல்றது? தாக்கோல்னா மலையாளம்."

அத்தான் சிரித்துவிட்டார். "எனக்க அப்பனுக்க காலத்துல இருந்து அது தாக்கோல்தாம்லே. நீ நாலு புக்கு படிச்சதும் அது சாவி ஆயாச்சாக்கும்?"

உள்ளே இருந்து அக்காவின் குரல் வந்தது. "இவன் பரீட்ச எழுதிட்டு வந்ததுல இருந்து எனக்கு வாயத் தொறக்கவே பயமா இருக்கு. ஆளுக்கொரு சிலேட்டு வேண்டித் தாருங்க, எழுதிக் காட்டுவோம்."

மூன்று பேரும் சிரித்தோம். சிரித்தபடியே நான் கூட்டத்துக்குக் கிளம்பிவிட்டேன். சொல்லைத் திருத்தினேனே தவிரக் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. மூன்றாம் பக்கத்தைப் புரட்டவே இல்லை.

பனச்சமூட்டு டாக்சி ஸ்டாண்டில் ஒரு பழக்கம் உண்டு. முதல் வண்டிக்குச் சவாரி வந்து அது கிளம்பினால், பின்னால் நிற்பவை ஒவ்வொன்றாக முன்னே நகர வேண்டும். டிரைவர் சாயா குடித்துக்கொண்டிருப்பார், இல்லையென்றால் வெற்றிலை வாங்கப் போயிருப்பார். பக்கத்தில் நிற்கிற யாராவது ஏறி வண்டியை நகர்த்தி விடுவார்கள். அதனால் எல்லா வண்டியிலும் சாவி அப்படியே தொங்கும். கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போகிறவனை, "ஓகோ, உள்ள பொன்னும் வைரமுமாக்கும்!" என்று மற்றவர்கள் கிண்டல் செய்தே கொன்றுவிடுவார்கள்.

சில வாரம் கழித்து அந்தச் சந்திப்பிலேயே ஒரு கூட்டம். முதன்முதலாக மேடையில் பேச எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருந்தார்கள். அத்தானுக்கு இந்த எல்லை விவகாரத்தில் பெரிய ஈடுபாடு கிடையாது. "ரெண்டு பக்கத்து ஆளும் எனக்க வண்டியிலதானே கேறுதான்" என்பார். ஆனாலும் நான் விடவில்லை. சாயாக் கடை பெஞ்சில் உட்கார்ந்து கேட்டால் போதாது, மேடைக்கு முன்னால் வந்து நின்று கேட்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். வரிசையில் மூன்றாவதாக வண்டியை விட்டுவிட்டு, தோளில் துண்டோடு வந்து நின்றார். நான் பேசியதெல்லாம் அவர் முகத்தைப் பார்த்துத்தான்.

முடிந்ததும் தோளில் தட்டினார். "நல்லாப் பேசினலே மக்கா. பாதி மனசிலாகல்ல, ஆனாலும் நல்லாப் பேசின."

திரும்பி வந்தால் வரிசையில் மூன்றாவது இடம் காலி.

சாயாக் கடைக்காரர் கண்ணாடிக் கிளாசைக் கழுவிக்கொண்டே சாவகாசமாகச் சொன்னார்: "வெள்ளச் சட்ட போட்ட ஒருத்தன் கேறி இருந்து எடுத்தானே. வரிசை மாத்துதான்னுல்லா நெனச்சேன்." அடுத்தவன் வண்டியை யார் எடுத்தாலும் யாரும் கேட்காத ஊர். அந்த நம்பிக்கையையே ஒருவன் ஓட்டிக்கொண்டு போய்விட்டான். வெள்ளறடைப் பக்கம் போனதாக ஒருவர் சொன்னார். பாறசாலைப் பக்கம் என்றார் இன்னொருவர். போலீசில் எழுதிக் கொடுத்தோம். வண்டி கிடைக்கவில்லை.

"இன்சூரன்ஸ் உண்டுல்லா" என்று அக்கா அழுகைக்கு நடுவில் சொன்னாள். அப்போதுதான் நான் பாலிசியை எடுத்து மூன்றாம் பக்கத்தைப் புரட்டினேன். 'விலக்குகள்' என்ற தலைப்பின் கீழே பொடி எழுத்தில் இருந்தது: சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு, பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் நிறுத்தியிருக்கும்போது திருட்டுப் போனால் கம்பெனி பொறுப்பல்ல. அத்தான் கேட்ட கேள்விக்கு வரிக்கு வரி பதில் அங்கே இருந்தது.

என் குற்றத்தை ஒப்புக்கொள்ள எனக்குத் தைரியம் வரவில்லை. இழப்பீடு கேட்கும் படிவத்தை நானே நிரப்பினேன். 'சாவி எங்கே இருந்தது' என்ற கேள்விக்கு, 'உரிமையாளரின் சட்டைப் பையில்' என்று அழகான ஆங்கிலத்தில் எழுதினேன். கையெழுத்துப் போடும் முன் அத்தான், "வாசிச்சுக் காட்டுலே" என்றார். தமிழில் சொன்னேன்.

"எனக்க பையில இருந்துதா? அப்பம் வண்டி எப்பிடிலே போச்சு? களவாணி தலையில சொமந்துட்டா போனான்?"

"உள்ளதை எழுதினா ஒண்ணும் கிடைக்காது அத்தான். மூணாம் பக்கத்துல போட்டிருக்கு."

அவர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை.

"மூணாம் பக்கத்துலயா?"

அவ்வளவுதான் கேட்டார். அப்புறம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அத வெட்டு. ஸ்டாண்டு முழுக்க அறிஞ்ச காரியத்த நான் எப்பிடி மாத்திப் பறய? உள்ளத எழுது" என்றார். வெட்டி எழுதினேன். 'பறய' என்றதை அன்று நான் திருத்தவில்லை.

கம்பெனியிலிருந்து விசாரிக்க ஒரு பெரியவர் வந்தார். நெற்றியில் சந்தனம், மடிப்புக் கலையாத வேட்டி, மலையாளி. மேடையில் நான் யாரைப் பற்றி முழங்கிக்கொண்டிருந்தேனோ அவர்களில் ஒருவர் வந்துவிட்டார், இனி இரக்கம் இருக்காது என்று நினைத்தேன். அவர் பாலிசியைப் பார்த்தார், படிவத்தைப் பார்த்தார், அக்காவின் முகத்தையும் பார்த்தார். "தாக்கோல் எவிடெயாயிருந்நு?" என்று கேட்டார்.

"வண்டியில இருந்துது" என்றார் அத்தான்.

பெரியவர் எழுதவில்லை. பேனாவை மூடிக் கீழே வைத்தார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். அவசரமில்லை, நன்றாக யோசித்துச் சொல்லுங்கள் என்று மலையாளத்தில் சொல்லிவிட்டு, அதே கேள்வியை இரண்டாவது தடவை, இன்னும் மெதுவாகக் கேட்டார். வேறு பதில் சொல்ல அவர் இடம் கொடுக்கிறார் என்பது எனக்கே புரிந்தது. 'பையில்' என்று ஒரு சொல் போதும்.

"வண்டியில்தன்னே" என்றார் அத்தான், அவர் பாஷையிலேயே.

பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டு எழுதினார். அக்காவின் தையல் பெட்டியில் இருந்த இரண்டாவது சாவியை மேசைமேல் வைத்திருந்தோம். கம்பெனி பணம் தருவதானால் அதை வாங்கிக்கொள்ளுமாம். அதைக் கொஞ்ச நேரம் விரலால் தடவிக்கொண்டிருந்துவிட்டு அக்கா பக்கம் நகர்த்தினார். "இது நிங்ஙள் தன்னெ வச்சோளூ." நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். கடிதம் வரும் முன்பே எங்களுக்குப் பதில் தெரிந்துவிட்டது. கடிதமும் வந்தது. அதை மட்டும் நான் ஒரு எழுத்து விடாமல் படித்தேன்.

அத்தானுக்கு ஓட்ட வண்டி இல்லை. நாகர்கோவிலில் ஒருவரிடம் லாரி ஓட்டும் வேலை கிடைத்து, வீட்டைக் காலி செய்தார்கள். இரண்டு பெட்டி, ஒரு பாய்க்கட்டு, தையல் பெட்டி. பனச்சமூட்டில் காலை பஸ்ஸுக்கு ஏற்றிவிடப் போனேன். டாக்சி வரிசை பக்கத்திலேயே நின்றது. அத்தான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

பஸ் உறுமியபோதுதான் எனக்கு வாய் வந்தது. ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, "அத்தான், அன்னைக்கு நீங்க கேட்டீங்க. நான் படிச்சுப் பார்க்கல" என்றேன்.

"என்னைக்குலே? எனக்கு ஓர்மையே இல்ல" என்றார். அக்கா குனிந்து பெட்டியைச் சரிசெய்துகொண்டிருந்தாள். உண்மையாகவே அவருக்கு நினைவில்லையா, இல்லை எனக்காக மறந்தாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

காலி செய்த வீட்டில் விட்டுப்போயிருந்த இரண்டாவது சாவி என் சட்டைப் பையில் இருந்தது. எடுத்து நீட்டினேன். அவர் என் விரல்களை அதன்மேல் மடக்கி மூடினார்.

"சாவிய நீயே வச்சுக்கோ மக்கா. வண்டியக் கண்டா நீதான் ஓட்டிட்டு வரணும்."

சாவி. என் வாயிலிருந்து எத்தனை தடவை கேட்டும் அவர் சொல்லாத சொல். அன்று தானாகச் சொன்னார். பஸ் திருப்பத்தில் மறைந்த பிறகும் நான் அங்கேயே நின்றேன்.

அதற்குப் பிறகு எல்லை பற்றிய முடிவு பத்திரிகையில் வந்தது. தமிழ்ப் பகுதிகள் சேருகின்றன என்று முதல் பக்கத்தைப் பார்த்துச் சந்திப்பில் கூச்சலும் வெடியும். நான் ஒரு ஓரமாக நின்று கடைசி வரிவரை படித்தேன். விளவங்கோடு உண்டு, அத்தான் இருக்கிற நாகர்கோவிலும் உண்டு. எங்கள் தாலுகா இல்லை. இங்கேயும் விலக்கு கீழேதான் இருந்தது. எங்கள் பக்கத்து வெடிக்காரர்களிடம் அதைச் சொல்ல வேண்டிய வேலையும் எனக்கே வந்தது.

சில வருடங்கள் ஓடிவிட்டன. இப்போது பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். ஊரில் யாருக்கு ஆங்கிலக் காகிதம் வந்தாலும் என்னிடம் கொண்டு வருகிறார்கள். கடைசிப் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பிக்கிறேன். ஒருநாள் அகராதியைப் புரட்டியபோது கண்டேன்: தாழைத் திறக்கும் கோல், அதுதான் தாக்கோல், சுத்தமான தமிழ். சாவிதான் போர்ச்சுக்கீசியர்களிடமிருந்து வந்த சொல். அத்தானுக்கு உடனே கடிதம் எழுதினேன். 'ரெண்டுலயும் பூட்டு தொறக்கும் மக்கா' என்று பதில் போட்டிருந்தார்.

அவரைப் பார்க்கப் போவதென்றால் இப்போது எல்லையைத் தாண்ட வேண்டும். போகும் வழியில் கறுப்புக் கார் எது நின்றாலும் அருகே போய்ப் பின் இருக்கையை எட்டிப் பார்ப்பேன், ஓரத்தில் பச்சைத் தையல் தெரிகிறதா என்று. இல்லை என்று தெரிந்த பிறகும் சட்டைப் பைக்குள் போன கை, அன்று அவர் மூடிக் கொடுத்ததை ஒருமுறை தொடாமல் வராது. எனக்காக அவர் சாவி என்று சொன்ன அந்தக் காலையிலிருந்து, அவருக்காக நான் அதைத் தாக்கோல் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.